ஃபெராரா: சைக்கிளின் வேகத்தில் ஒரு பழைய நகரம்

வட இத்தாலியிலுள்ள ஃபெராராவில் அன்று காலை சைக்கிள் கொடுக்கும் இடத்தில் நான் முதலில் கேட்டது, இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும் அளவுக்குச் சீட்டை இறக்கித் தர முடியுமா என்பதுதான். சைக்கிளைத் தொட்டு 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே பழுது பார்க்கும் பெரியவர் சற்றுத் தயங்கினார். பெடல் கீழே வரும்போது கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும், சீட்டு தாழ்ந்தால் முழங்கால் வலிக்கும் என்பது அவருடைய கவலை. நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு அது சரியான கணக்கு. ஆனால் 3 மணி நேரத்தில் 15, 20 இடங்களில் நின்று, இறங்கி, மறுபடி ஏறிப் போகும் சுற்றுலாவில், எப்போது வேண்டுமானாலும் காலை ஊன்றிக்கொள்ளலாம் என்ற தைரியம் இருந்தால்தான் சாலையை விட்டுக் கண்ணை எடுத்துக் கட்டடங்களைப் பார்க்க முடியும். அவர் இறக்கித் தந்தார். அன்று நான் ஒரு முறைகூட விழவில்லை. மாலையில் முழங்கால் வலித்தது உண்மைதான். அது தெரிந்தே ஏற்றுக்கொண்ட வலி.

போலோன்யாவில் முதுகலை படிக்கும் அக்கா மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கிருந்து வெனிஸ் போகும் ரயில் பாதையில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஃபெராரா வந்துவிடும். போ ஆற்றுச் சமவெளியில், கடல் மட்டத்திலிருந்து 9 மீட்டர் உயரத்தில், மேடு என்று சொல்ல ஒன்றுமே இல்லாமல் கிடக்கும் ஊர். இத்தாலியர்கள் அதைச் சைக்கிள்களின் நகரம் என்றே சொல்கிறார்கள். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நூற்றுக்கணக்கில் நிறுத்தியிருந்த சைக்கிள்களைப் பார்த்தபோது அந்தப் பெயர் சுற்றுலாக்காரர்களுக்காகச் சொல்லப்படுவது இல்லை என்று புரிந்தது. எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் முன்கூடையில் காய்கறியை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, எந்த அவசரமும் இல்லாமல் ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான் என்னாலும் முடியும் என்ற துணிவு வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய வாரம் வேறொரு நகரத்தில் நாங்கள் போன சைக்கிள் சுற்றுலா எங்களுக்கு மனக்கசப்பாகவே முடிந்தது. சிறு குழு என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள் 16 பேரை ஒன்றாகச் சேர்த்து அழைத்துப் போனார்கள். வழிகாட்டி முன்னால் போய்க்கொண்டே பேசினார்; பின்னால் வந்த எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. என் சைக்கிளின் பின் டயரில் காற்றுப் போதவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் குழு இரண்டாக அறுபட்டது. அந்த அனுபவத்தால் ஃபெராராவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் எழுதி அனுப்பினேன்: அதிகபட்சம் எத்தனை பேர், எந்த மொழியில் விளக்குவார்கள், கட்டடங்களுக்குள் போவதற்கான நுழைவுச்சீட்டு கட்டணத்தில் அடக்கமா, குழுவின் கடைசியில் இன்னொரு ஆள் வருவாரா. எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, ஆங்கிலத்தில் விளக்குவோம், உள்ளே போவதில்லை, வெளியிலிருந்துதான் பார்ப்போம் என்று நேராகப் பதில் வந்தது. வாலில் வர ஆள் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். இல்லாததை இல்லை என்று சொன்னவர்களை நம்பலாம் என்று தோன்றியது. அன்று நாங்கள் ஆறு பேர்தான்.

நான் சல்வார் அணிந்து போயிருந்தேன். துப்பட்டா பறந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பது நம் ஊரில் இருசக்கர வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகும் எல்லோருக்கும் தெரியும். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். செயினுக்கு மூடி இருந்தாலும் வலது கால் சல்வாரின் அடிப்பகுதியை ஒரு ரப்பர் வளையத்தால் இறுக்கிக்கொண்டேன். ஹெல்மெட் அங்கே பெரியவர்களுக்குக் கட்டாயம் இல்லை, உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் போடுவதும் இல்லை. கேட்டால் தருவார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"சித்தி, கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் தனித்தனியாப் பிடிச்சுப் பாருங்க" என்றாள் அக்கா மகள். எந்தக் கைப்பிடி முன் சக்கரத்துக்கு, எது பின் சக்கரத்துக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும், ஒரே கடையில்கூட வண்டிக்கு வண்டி மாறலாம். பழகிய கை தானாக இறுக்கும்போது முன் பிரேக் மட்டும் பிடித்துவிட்டால் ஆள் முன்பக்கமாகப் போய் விழ நேரும். அதனால் முற்றத்தில் நான்கு சுற்று ஓட்டி, ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக் கையைப் பழக்கிக்கொண்டேன். இன்னொரு பழக்கம், சாலையின் வலது பக்கமாகப் போவது. நேராகப் போகும்போது அதில் சிரமமே இல்லை. இடது பக்கம் திரும்பும்போதுதான் இத்தனை ஆண்டு வழக்கம் நம்மைத் தவறான பாதியில் கொண்டுபோய் நிறுத்தும். முதல் ஒரு மணி நேரம் நான் ஒவ்வொரு இடது திருப்பத்திலும் இறங்கி, நடைபாதைக் கோட்டில் தள்ளிக்கொண்டே கடந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வழிகாட்டி அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த, அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி. அவரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது: ஓட்டும்போது ஒரு வார்த்தையும் பேச மாட்டார், பேசும்போது ஓட்ட மாட்டார். முதலில் எங்களை நிறுத்திய இடம், ஒரு காலத்தில் இந்த ஊரை ஆண்ட எஸ்தே குடும்பத்தாரின் கோட்டை. நகரத்தின் நட்ட நடுவில், நான்கு கோபுரங்களுடன், இன்றும் தண்ணீர் நிற்கும் அகழி சூழ, செங்கல் நிறத்தில் எழுந்து நிற்கிறது. எதிரிகளுக்காகக் கட்டியது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவர் சொன்ன வரலாறு வேறு. 1385ஆம் ஆண்டில் வெள்ளமும் வறுமையும் வரிச்சுமையும் தாங்காத மக்கள் கிளர்ந்தெழுந்து, வரி விவகாரங்களைக் கவனித்த தொம்மாஸோ தா தொர்தோனா என்ற அதிகாரியைத் தங்கள் கையில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஆட்சியிலிருந்த இரண்டாம் நிக்கோலோ அவரை ஒப்படைத்தார். கூட்டம் அவரைக் கொன்றது. அதே ஆண்டில் பார்த்தோலினோ தா நொவாரா என்ற கட்டடக் கலைஞரை வைத்துக் கோட்டைப் பணி தொடங்கியது. அரண்மனையிலிருந்து கோட்டைக்குள் ஓடித் தப்புவதற்கு மூடிய மேல்பாதை ஒன்றும் அமைந்தது. அந்த இணைப்பு இன்றும் இருக்கிறது. சொந்தக் குடிமக்களுக்குப் பயந்து ஊருக்கு நடுவே எழுப்பிய கோட்டை அது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அதன் அழகைப் பார்க்கும்போதே அந்த அச்சமும் சேர்ந்தே தெரிகிறது.

கதீட்ரலின் முன் சிறிது நேரமே நின்றோம். 1135இல் கட்டத் தொடங்கியது. அதன் தெற்குப் பக்கச் சுவரையே ஒட்டிக்கொண்டு வரிசையாகக் கடைகள் இருப்பதைப் பார்த்தபோது கோயில் மதிலை ஒட்டிய பூக்கடைகளும் பாத்திரக் கடைகளும் நினைவுக்கு வந்தன. இடைக்காலத்திலிருந்தே வணிகர்கள் அங்கே கடை போட்டு வந்திருக்கிறார்கள். சதுக்கத்தில் கூட்டம் அதிகம் இருந்ததால் ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே கடந்தோம்.

அதன் பிறகு வந்தது வியா தெல்லே வோல்தே. வளைவுகளின் தெரு என்று பொருள். அன்று நான் கற்ற பாடங்களில் பாதி அந்தத் தெருவில்தான். இரண்டு சைக்கிள்கள் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாத அளவுக்குச் சில இடங்களில் குறுகலானது. தரை முழுதும் ஆற்றுக் கூழாங்கற்கள், முட்டை முட்டையாகப் பதித்தவை. அக்டோபர் மாதக் காலை. 10 மணிக்குத்தான் மூடுபனி விலகியிருந்தது. கற்களின் தலைகள் ஈரத்தில் மின்னின. நான் பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க வண்டி இன்னும் அதிகமாக ஆடியது, பற்கள் ஒன்றோடொன்று மோதின. ஓரிடத்தில் சட்டென்று பிரேக் பிடித்ததில் பின் சக்கரம் பக்கவாட்டில் ஒரு சாண் வழுக்கியது. கால் தரையைத் தொட்டதால் தப்பித்தேன்.

வழிகாட்டி திரும்பி வந்து, என் முழங்கையைத் தட்டித் தளர்த்தச் சொன்னார். கூழாங்கல் சாலையில் கையைத் தளர்வாக வைத்து, வண்டியைக் கொஞ்சம் அதன் போக்கில் ஆட விட வேண்டும். கியரைச் சற்றுக் கனமாக வைத்துக்கொண்டு, வேகம் குறைந்தாலும் மிதிப்பதை நிறுத்தாமல் சீராக மிதிக்க வேண்டும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், திருப்பத்தின் நடுவில் பிரேக்கைத் தொடவே கூடாது. தெருவில் எங்கேயாவது தட்டையான கல் பட்டை ஓடினால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஆனால் ஈரமாக இருக்கும்போது அதன் ஓரத்தில் சக்கரம் சாய்வாக ஏறினால் வழுக்கும். இத்தனையும் அவர் இரண்டு நிமிடத்தில் சொன்னார். அடுத்த 200 மீட்டரிலேயே வித்தியாசம் தெரிந்தது. சிறுவயதில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய காலத்தில்கூட இவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

தெருவின் வடிவத்துக்கே ஒரு காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் போ ஆற்றின் கிளை இந்தத் தெருவுக்கு இணையாக ஓடியது. ஆற்றைப் பார்த்த பக்கம் பண்டகசாலைகள். மறுபக்கம் வணிகர்களின் வீடுகளும் கடைகளும். தெருவின் குறுக்கே தலைக்கு மேல் கட்டிய வளைவு அறைகள் இரண்டையும் இணைத்தன. 12ஆம் நூற்றாண்டில் ஃபிகரோலோ என்ற இடத்தில் கரை உடைந்து, போ ஆறு வடக்கே புதுப் பாதை பிடித்தது. காலப்போக்கில் இங்கே ஓடிய கிளை மெலிந்து போனது. ஆறு போய்விட்டது; ஆற்றங்கரைத் தெரு மட்டும் ஆறு இருந்த இடத்தைப் பார்த்தபடி நிற்கிறது. வழிகாட்டி எங்களை ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் ஒரு வளைவுக்குள் இன்னொரு வளைவு, அதற்குள் மற்றொன்று என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. நடந்து வந்திருந்தால் அந்த நீளம் சலித்திருக்கும், காரில் உள்ளேயே வர முடியாது. வளைவு, வெளிச்சம், வளைவு, வெளிச்சம் என்று அந்தத் தெரு மாறி மாறி நம் மேல் விழுவது சைக்கிளின் வேகத்தில்தான்.

வியா மட்ஸினியின் முனையில் அவர் இறங்கினார். எங்களையும் இறங்கச் சொன்னார். இது நடப்பவர்களுக்கான கடைத்தெரு என்பது ஒரு காரணம். இங்கே தான் எப்போதும் நடந்தே போவதாகவும் சொன்னார். அதற்கான விளக்கம் எதுவும் தரவில்லை. 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களைத் துரத்தியபோது, ஃபெராராவின் கோமகன் முதலாம் எர்கோலே அவர்களில் சிலரைத் தன் ஊருக்கு வரவேற்றுக் குடியமர்த்தினார். எஸ்தே குடும்பத்தின் கையிலிருந்து ஊர் போன பிறகு, போப்பின் ஆட்சியில், 1627இல் இந்தத் தெருவையும் பக்கத்துத் தெருக்களையும் கதவுகள் போட்டு அடைத்து யூதர்களை அதற்குள் வாழ வைத்தார்கள். அந்த நிலை 19ஆம் நூற்றாண்டு வரை போனது. தெருவில் உள்ள யூதத் தொழுகைக்கூடத்தின் சுவரில், இரண்டாம் உலகப் போரில் இந்த ஊரிலிருந்து வதை முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்த பளிங்குப் பலகை இருக்கிறது. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிறது. நான் ஒரு பெயரில் தொடங்கி வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆறு பேரில் யாரும் படம் எடுக்கவில்லை.

அங்கிருந்து மறுபடியும் கோட்டைக்கே அழைத்து வந்தார். காலையில் பார்த்த அதே அகழி, வேறு பக்கம். அகழியை ஒட்டிய தாழ்ந்த மதிற்சுவரில் சிறு நினைவுப் பலகைகள் பதித்திருந்தன. 1943 நவம்பர் 15ஆம் தேதி விடியலில் பாசிசப் படையினர் இந்த ஊரில் 11 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டவர்கள். சாலைக்கே இப்போது விடுதலைக்கு உயிர் கொடுத்தோரின் பெயர்தான். காலையில் இதே இடத்தை நாங்கள் அகழி அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு கடந்திருந்தோம். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அக்கா மகள் கேட்டாள். முதலில் ஊரைப் பார்க்க வேண்டும், பிறகுதான் ஊருக்கு நடந்ததைக் கேட்க வேண்டும் என்றார் அவர். நல்ல வழிகாட்டிக்கும் தகவலை ஒப்பிப்பவருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அந்த இடத்தில் தெரிந்தது. இந்தச் சுற்றுலாவுக்குக் கொடுத்த பணம் முழுவதும் அந்த வரிசைக்காகத்தான் என்றுகூடச் சொல்வேன்.

கோட்டைக்கு வடக்கே ஒரு அகலமான சாலை குறுக்கே ஓடுகிறது. கிழக்குப் பகுதிக்குக் கோர்ஸோ ஜொவேக்கா என்று பெயர். அது பழைய நகரின் வடக்கு அகழியைத் தூர்த்துப் போட்ட சாலை. அதைத் தாண்டியதும் ஊர் மாறுகிறது. வரைபடத்தைப் பார்த்தும் இதைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் எனக்குத் தெரிவித்தது கைப்பிடிதான். அதுவரை இருபது அடிக்கு ஒரு முறை வளைந்துகொண்டிருந்த கைகள், திடீரென்று வளைக்கத் தேவையே இல்லாமல் நின்றன. எதிரே நேர்கோடாக, கடைகளே இல்லாத, அமைதியான கோர்ஸோ எர்கோலே ப்ரிமோ தெஸ்தே, கோட்டையிலிருந்து வடக்கு மதில்வாசல் வரைக்கும் போகிறது.

வெனிஸுடன் 1482 முதல் 1484 வரை நடந்த போரில் நகரின் வடக்குப் பக்கம் காப்பில்லாமல் கிடந்தது எர்கோலேவுக்கு உறுத்தியது. 1492இல் அவர் பியாஜியோ ரொசெத்தி என்ற கட்டடக் கலைஞரிடம் புதிய மதிலும் புதிய நகரப் பகுதியும் அமைக்கும் பொறுப்பைக் கொடுத்தார். அந்த ஒரே திட்டத்தில் நகரின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. ரொசெத்தி பழைய ஊரை இடிக்கவில்லை. புதிய நேர்சாலைகளைப் பழைய தெருக்களின் முனைகளோடு கவனமாகப் பொருத்தி, இரண்டையும் ஒரே ஊராக ஓட வைத்தார். ஐரோப்பாவின் முதல் நவீன நகரம் என்று ஃபெராராவைப் பலர் சொல்வது இதனால்தான். யுனெஸ்கோ 1995இல் இந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கும் இந்தத் திட்டமிடலே முதன்மையான காரணம். 1999இல் போ ஆற்றின் கழிமுகப் பகுதியும் அதனுடன் சேர்ந்தது.

அந்தச் சாலையின் நடுவே, முக்கியமான நாற்சந்தியில் இருக்கிறது வைர மாளிகை, பலாஸோ தெய் தியாமாந்தி. ஏறக்குறைய 8,500 பளிங்குக் கற்கள், ஒவ்வொன்றும் நான்கு பட்டைகள் சரிந்து ஒரு முனையில் கூடும் கூம்பாகச் செதுக்கியவை. வெள்ளைக் கல்தான், கிட்டே போனால் உள்ளே இளஞ்சிவப்பு இழைகள் ஓடுவது தெரியும். வழிகாட்டி எங்களை மாளிகையின் சுவரோரமாக மெதுவாக ஓட்டிப் போய், முனையில் திரும்பி, எதிர்ப்புறமாக மறுபடி ஓட்டி வரச் செய்தார். நாம் நகர நகர ஒவ்வொரு கல்லிலும் வெயில் பட்ட பட்டையும் நிழல் பட்ட பட்டையும் இடம் மாறிக்கொண்டே வருகின்றன. கூம்பு முனைகள் எல்லாம் ஒரே மாதிரி நேராக நீட்டிக்கொண்டிருக்கவில்லை. கீழ்வரிசைகளில் சற்றுக் கீழ்நோக்கியும் மேல்வரிசைகளில் மேல்நோக்கியும் திருப்பியிருக்கிறார்கள். நின்று பார்த்தால் அது வெறும் முள்சுவர். ஓடிக்கொண்டே பார்க்கும்போதுதான் சுவர் முழுதும் வெளிச்சம் அலை அலையாகப் போகிறது. உள்ளே தேசிய ஓவியக் கூடம் இருக்கிறது. சுற்றுலாவில் அதற்கு நேரமில்லை.

வடக்கே போகப் போக வீடுகள் குறைந்து தோட்டச் சுவர்கள் நீண்டன. ஒரு திருப்பத்தில் மதிலுக்குள்ளேயே பயிர் வைத்த நிலம் தெரிந்தது. நகரம் இவ்வளவு வளரும் என்று எர்கோலே கணக்கிட்ட அளவுக்கு அது வளரவே இல்லை. 1597இல் கோமகன் இரண்டாம் அல்ஃபோன்ஸோ வாரிசு இல்லாமல் இறந்தார். உரிமை கோரிய அவருடைய உறவினர் செஸாரேவைப் போப் ஏற்கவில்லை. 1598இல் எஸ்தே குடும்பம் மோதெனாவுக்குக் குடிபெயர்ந்தது. நகரம் போப்பின் ஆட்சிக்குப் போனது. செஸாரே கடைசியாக வெளியேறியது இந்தச் சாலையின் முடிவிலுள்ள போர்த்தா தெல்யி ஆஞ்ஜெலி வாசல் வழியாக என்று சொல்கிறார்கள். அரசவையை இழந்த ஊருக்கு மாளிகை கட்டிக் குடியேற ஆள் இல்லை. எனக்கு இந்த வெற்றிடம் மாளிகைகளைவிடப் பிடித்திருந்தது. நிரம்பாமல் போனதால்தான் 500 ஆண்டுக்கு முந்தைய திட்டத்தின் கோடுகளை இன்றும் அப்படியே பார்க்க முடிகிறது.

மதிலைச் சுற்றி ஏறக்குறைய 9 கிலோமீட்டர். செங்கல் மதில், உட்புறம் மண்கரை, கரையின் மேல் மரங்கள் நிழல் தரும் மண்பாதை. கீழே புல்வெளியோரம் இன்னொரு பாதை. முதல் முறை ஓட்டுபவர்கள் கீழ்ப்பாதையில் தொடங்குவது நல்லது. மேலே மரவேர்கள் குறுக்கே ஓடும், அக்டோபரில் உதிர்ந்த இலைகள் அவற்றை மறைத்துவிடும். ஓடுபவர்கள், நாயுடன் நடப்பவர்கள், குழந்தைகள் எல்லோருக்கும் அதே பாதை என்பதால் தூரத்திலேயே பெல்லை ஒரு முறை மெதுவாக அடித்துவிட்டு வேகத்தைக் குறைப்பதுதான் உள்ளூர் மரியாதை. பக்கத்தில் போய் அடித்தால் திடுக்கிடுகிறார்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். சுற்றுலாவில் வடக்கு மதிலில் ஒரு கிலோமீட்டர்தான் போனோம்.

ஒரு மணிக்குச் சுற்றுலா முடிந்தது. அந்த நேரத்தில் தேவாலயங்கள் பலவும் மூடிவிடுகின்றன, மூன்று மணி வாக்கில்தான் மறுபடி திறக்கின்றன. அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை. ஆகவே காலையில் சைக்கிள் சுற்று, மதியம் சாப்பாடும் ஓய்வும், மாலையில் உள்ளே போய்ப் பார்ப்பது என்று திங்கள் அல்லாத ஒரு நாளில் வைத்துக்கொண்டால் எதுவும் வீணாகாது.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்த ஊரின் பெருமை கோப்பியா என்ற ரொட்டி. முறுக்கிய இரண்டு மாவுத் துண்டுகளை நடுவில் சேர்த்து ஒட்டி, நான்கு கொம்புகள் நாலா பக்கமும் விரியும்படி சுடுகிறார்கள். கொம்புகள் மொறுமொறு என்று உடையும், நடுவில் மட்டும் கொஞ்சம் மென்மை. வெறும் ரொட்டிதானே என்று சைவ உணவுக்காரர்கள் எடுத்துவிடக் கூடாது. மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அதன் முறைப்படியான செய்முறை. நான் சைவம். என் அக்கா மகள் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் ஒரு முழு ரொட்டியையும் தின்றிருப்பேன். பரங்கிக்காய் மசியலைப் பொதிந்த கப்பெல்லாச்சி என்ற பாஸ்தாவை வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தரச் சொல்லிச் சாப்பிட்டேன். இறைச்சிக் குழம்பு ஊற்றியும் தருவார்கள் என்பதால் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாஸ்தா மாவில் முட்டையும், உள்ளே பாலாடைக்கட்டியும் உண்டு. பரங்கிக்காயின் இனிப்பும் சாதிக்காயின் வாசனையும் சேர்ந்து, எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

சாப்பிடப் போகும்போது சைக்கிளைப் பூட்டும் முறையைக் கடைப் பெரியவர் செய்து காட்டியிருந்தார். சட்டகத்தையும் ஒரு சக்கரத்தையும் சேர்த்து, தரையில் ஊன்றிய இரும்பு நிறுத்தத்தோடு சங்கிலியைக் கோத்துப் பூட்ட வேண்டும். சக்கரத்தை மட்டும் பூட்டினால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மீதி வண்டியைக் கொண்டுபோய்விடுவார்களாம். முன்கூடையில் பையை வைத்தால் அதன் வாரைக் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றி வைக்கச் சொன்னார். எல்லாமே ஒரே மாதிரி கறுப்பு வண்டிகள் என்பதால், நான் என் கைக்குட்டையைச் சீட்டின் அடியில் கட்டி வைத்தேன். நூறு சைக்கிள்களுக்கு நடுவே அது எவ்வளவு உதவியது என்பது திரும்பி வந்தபோது தெரிந்தது.

மறுநாள் அக்கா மகள் வகுப்புக்குப் போய்விட்டாள். நான் மட்டும் மறுபடி ரயில் ஏறி ஃபெராரா வந்தேன். அதே பெரியவரிடம் ஒரு நாள் வாடகைக்குச் சைக்கிள் எடுத்து, சீட்டை இரண்டு விரல்கடை உயர்த்தித் தரச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. கோட்டையைக் கடந்து, நேர்சாலையில் மிதித்து, வடக்கு வாசலில் மதில் ஏறி, கிழக்கு நோக்கித் திரும்பினேன். வலது பக்கம் மதிலுக்குள் தோட்டங்கள், கல்லறைத் தோட்டத்தின் மரங்கள், தூரத்தில் கோட்டைக் கோபுரங்கள். இடது பக்கம் கீழே புல்வெளி. தெற்கே போகும்போது மதிலிலிருந்து அம்புமுனை போல வெளியே நீண்ட கொத்தளங்கள் வந்தன. ஓரிரு இடங்களில் சாலையில் இறங்கிக் கடந்து மறுபடி ஏற வேண்டியிருந்தது. அதில் இரண்டு இடதுபுறத் திருப்பங்கள்; இந்த முறை இறங்காமலே திரும்பினேன். நடுவில் மூன்று முறை நின்று தண்ணீர் குடித்தும், முழுச் சுற்றையும் ஒன்றே கால் மணி நேரத்தில் முடித்து, புறப்பட்ட வாசலுக்கே வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. ரயிலுக்கு நான்கு மணி நேரம் இருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வியா தெல்லே வோல்தேவுக்குப் போனேன், கற்கள் காய்ந்திருந்தன.